ஜூலியின் பின்னங்கால்

ஓய்வூதியம் வாங்குகிறவளைச் சும்மா இருக்க விடமாட்டார்கள் போலிருக்கிறது. போன மாதம் நிரோஷன் என் போனுக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். நான் விட்ட இடத்தில் இப்போது வேலை பார்ப்பவன். பெரிய பண்ணை ஒன்றில் புதிதாக இரும்புக் கூடு ஒன்றை இறக்கியிருக்கிறார்கள். மாடு உள்ளே போனதும் இரண்டு பக்கமும் வார் இறுக்கிப் பிடிக்கிறது. பொத்தானை அமுக்கினால் கூடு மாட்டோடு சேர்ந்து பக்கவாட்டில் சாய்கிறது. நாலு காலும் குளம்பு வெட்டுகிறவரின் இடுப்புக்கு நேரே வந்துவிடுகின்றன. வீடியோவுக்குக் கீழே ஒரு கேள்வி: "மிஸ், இதுல ஏத்துறதுக்கு முன்னுக்கு மாட்டுக்கு கிறக்க ஊசி போடணுமா வேணாமான்னு இங்க ஒரே சண்டை. ஒங்க காலத்துல எப்படி செஞ்சீங்க?"

"ஒங்க காலத்துல" என்ற சொல் எனக்குச் சுருக்கென்றது. நான் ஒன்றும் வெள்ளைக்காரத் துரை காலத்தில் வேலை பார்க்கவில்லை. சுடச்சுட நாலு வார்த்தை தட்டி அனுப்பலாம் என்று பார்த்தேன். ஆனால் போடணும் என்றும் சொல்ல முடியவில்லை, வேணாம் என்றும் சொல்ல முடியவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் கால்நடை அபிவிருத்தி உத்தியோகத்தராக இருந்தவள். இந்தப் பெயரை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் மாடு கன்று போட்டுவிடும் என்பதால் தோட்டங்களில் எனக்கு "மாட்டு மிஸ்" என்று பெயர். பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயம் ஒன்றில் பிறந்தேன். உயர்தரம் எழுதி, டிப்ளோமா படிக்கப் போனேன். மாட்டின் எலும்புகளை எல்லாம் மனப்பாடம் செய்தோம், விடுதியில் பருப்பும் சோறும் தின்றோம், பரீட்சை எழுதினோம், வேலை கிடைத்தது. படிப்பைப் பற்றி அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

குளம்பைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. தோட்டத்து மாட்டுக்கு நடை கிடையாது. லயத்துக்குப் பின்னால் சரிவில் பலகையடித்த ஒரு பட்டி, அவ்வளவுதான் அதன் உலகம். புல் கட்டுக் கட்டாக மனிதர்களின் தலையில் வந்து சேரும். நடந்தால் தேய வேண்டிய குளம்பு, நடக்காததால் நீண்டு நுனி மேலே வளைந்துவிடும். கீழே எப்போதும் சாணியும் மூத்திரமும், மேலே எங்கள் ஊர் மழை. ஊறிப்போன குளம்பில் சின்னக் கல் ஒன்று ஏறினால் போதும், உள்ளே சீழ் கட்டிக்கொள்ளும். நோகிற மாடு தின்னாது, படுத்தே கிடக்கும், பால் வற்றும். ஆகவே குளம்பை வெட்டித் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். நல்ல குளம்பை வெட்டுவதில் வலி இல்லை, நாம் நகம் வெட்டுகிற மாதிரிதான். ஆனால் அதை மாட்டுக்கு யார் சொல்வது? காலை யாராவது பிடித்தால், உயிரை எடுக்க வந்துவிட்டார்கள் என்றுதான் அது நினைக்கும்.

நான் முதலில் சேர்ந்த பண்ணையில் ஊசி என்ற பேச்சே இல்லை, கயிறுதான். கழுத்தில் ஒரு சுற்று, நெஞ்சில் ஒரு சுற்று, மடிக்கு முன்னால் ஒரு சுற்று போட்டுப் பின்னால் நின்று இழுத்தால் மாடு தானாக மடிந்து படுக்கும் என்று புத்தகத்தில் படம் போட்டிருப்பார்கள். படத்து மாடு சிரித்துக்கொண்டே படுக்கும். பண்ணை மாடு அப்படிப் படுக்கவில்லை. ஆட்கள் சத்தம் போட்டு இழுக்க, அது கண்ணில் வெள்ளை தெரிய முக்கி, தண்ணீராகக் கழிந்து, கடைசியில் தடாலென்று விழும். விழுந்ததும் ஒருவர் கழுத்தில் ஏறி உட்கார்ந்துகொள்வார். அடுத்த சில நாட்களுக்குப் பால் பாதிதான் இறங்கும். அங்கே நல்ல கறவை மாடு ஒன்று சிமெந்துத் தரையில் விழுந்து இடுப்பு விலகி, பிறகு எழுந்திருக்கவே இல்லை. குளம்பு மட்டும் அழகாக வெட்டப்பட்டிருந்தது. 

பிறகு மாற்றலாகி எங்கள் பக்கமே வந்தேன். அங்கே அரசாங்க மாட்டு வைத்தியராக இருந்தவர் டொக்டர் ஹேமபால. தெற்குக் கடற்கரைப் பக்கத்துக்காரர். குளிருக்குப் பயந்து காதை மூடிய கம்பளித் தொப்பியோடுதான் எப்போதும் இருப்பார். நானும் அவரும் சிங்களத்தில்தான் பேசிக்கொள்வோம். மாட்டுக்காரர்களிடம் மட்டும் தமிழில் பேசுவார். அந்தத் தமிழை அவர் அரசாங்க அறிவித்தல்களை வாசித்துக் கற்றிருந்தார். "அம்மா, பசு உணவு உட்கொள்கின்றதா?" என்று கேட்பார். நம் ஆட்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். "மாடு திங்கிதான்னு கேக்குறாரு" என்று நான் தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பேன்.

அவரிடம் அவசரம் என்பதே கிடையாது. எனக்கோ எதையும் சட்டுப்புட்டென்று முடித்துவிட்டு அடுத்த தோட்டத்துக்கு ஓட வேண்டும். பட்டிக்கு வந்ததும் மாட்டின் பக்கத்தில் போகமாட்டார். தள்ளி நின்று காதைப் பார்ப்பார், கண்ணைப் பார்ப்பார், வாலைப் பார்ப்பார், விலா ஏறி இறங்குவதைப் பார்ப்பார், சாணியைப் பார்ப்பார். நான் பெட்டியைத் திறக்கப் போனால் "இன்ன" என்பார். சிங்களத்தில் 'இருங்கள்' என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்கு இரத்தம் கொதித்த நாட்கள் உண்டு.

கிறக்க ஊசி போட்டுக் குளம்பு வெட்டும் பழக்கம் எங்கள் பக்கம் அவரோடுதான் வந்தது. ஆனால் கண்ட மாட்டுக்கெல்லாம் போடமாட்டார். அமைதியான மாடென்றால் காலை உத்திரத்தில் கட்டித் தூக்கி வெறும் கத்தியோடு வேலையை முடித்துவிடுவார். பயந்த மாடென்றால்தான் ஊசி. நெஞ்சைச் சுற்றி நாடா பிடித்து எடையைக் கணக்குப் பண்ணுவார். காலையில் தின்றதா என்று கேட்பார். சினையா என்று கேட்பார். அவர்கள் என்ன பதில் சொன்னாலும் என்னைப் பார்த்து, "மிஸ், கையை விட்டுப் பாருங்கள்" என்பார். அதற்குப் பிறகு மருந்தைக் கொஞ்சமாக எடுப்பார். மாடு விழக்கூடாது என்பது அவர் கணக்கு. நின்றபடியே தலை தொங்கி, எச்சில் ஒழுக, சொக்கிப்போய் நிற்க வேண்டும்.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. ஊசி போட்ட பிறகு கொஞ்ச நேரம் மாட்டை யாரும் சீண்டக்கூடாது. அந்த நேரத்தில் மாடு பயந்துவிட்டால் பயம் மருந்தை ஜெயித்துவிடும். அப்புறம் இன்னும் கொஞ்சம் போடு, இன்னும் கொஞ்சம் போடு என்று போய், மாடு கீழே விழும். ஆகவே முதலில் அமைதி, பிறகு ஊசி, பிறகும் அமைதி. லயத்தில் அமைதிக்கு எங்கே போவது? மாட்டுக்கு ஊசி என்றால் அங்கே திருவிழா. ஒரு வீட்டில் ரேடியோ, ஒரு வீட்டில் சண்டை, பட்டி வாசலில் இருபது தலை. நான் தொண்டை கிழியக் கத்துவேன்: "எல்லாரும் போங்களேன்! வேற வேல இல்லியா?" ஒருமுறை டொக்டர் மெதுவாகத் திரும்பி, எல்லாருக்கும் புரியட்டும் என்று தமிழிலேயே, "மிஸ், இப்போது இங்கு நீங்கள் மட்டுமே சத்தம்" என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மாடு இன்னும் பயந்தது.

இன்னொன்று தீனி. கிறக்க ஊசி போட்டால் மாட்டின் வயிறு வேலை நிறுத்தம் செய்துவிடும். அதனால் காலையில் ஒன்றும் போட வேண்டாம் என்று முதல் நாளே சொல்லி அனுப்புவோம். வலப்பனைப் பக்கத்தில் ஒரு வீட்டில், ஊசி போடப் போகிறார்களே, பாவம் வாயில்லா ஜீவன் என்று இரக்கப்பட்டு, விடியலிலேயே புண்ணாக்கும் சோறும் கலந்து ஒரு வாளி நிறைய வைத்துவிட்டார்கள். கேட்டதற்கு, "இல்லீங்களே, ஒன்னும் போடலியே" என்றார்கள். ஊசி ஏறியதும் இடது பக்கம் மத்தளமாக ஊதியது. தொண்டை வழியாகக் குழாய் விட்டுக் காற்றை வெளியேற்றிக்கொண்டு பொழுது சாயும்வரை நின்றோம். மாடு பிழைத்தது. "கொஞ்சமாத்தாங்க மிஸ் வச்சேன், பாவமா இருந்துச்சு" என்று அந்த அம்மா அழுதார்.

சினை விஷயம்தான் இதையெல்லாம்விடப் பெரியது. அந்த மருந்து கருப்பையைப் பிடித்து இறுக்கும். கடைசி மாதங்களில் இருக்கும் மாட்டுக்குப் போட்டால் கன்று கலைந்து விழக்கூடும். எப்போதும் விழும் என்றில்லை, விழக்கூடும். டொக்டர் அந்த மாதங்களில் அதைத் தொடவே மாட்டார். ஜூலியின் விஷயத்தில் அதுதான் வந்து குறுக்கே நின்றது.

ஜூலி ஒரு கருப்பு வெள்ளை மாடு. அதை வளர்த்தவள் ஸ்டெல்லா, கொழுந்து எடுப்பவள். புருஷன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. ஆனால் மாடு ஸ்டெல்லாவுடையது அல்ல. பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளியுடையது. எங்கள் எல்லாருக்கும் அவர் நானா, அண்ணன் என்று அர்த்தம். தோட்டங்களில் இதை வாரத்துக்கு விடுவது என்பார்கள். மாடு ஒருவருடையது, வளர்ப்பு இன்னொருவருடையது. பால் ஆளுக்குப் பாதி. கன்று முறை வைத்து, முதல் கன்று மாட்டுக்காரருக்கு, இரண்டாவது வளர்த்தவருக்கு, மூன்றாவது மறுபடி மாட்டுக்காரருக்கு. ஜூலியின் முதல் கன்று நல்ல கிடாரி. அதை நானா ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் முறை, அவர் எடுத்தார். இரண்டாவது இப்போது வயிற்றில் ஏழு மாதம் தாண்டி இருந்தது. அது கிடாரியாகப் பிறந்தால் ஸ்டெல்லாவுக்குச் சொந்தமாக ஒரு மாடு, முழுப் பாலும் அவளுக்கு.

இந்த முறையில் கண்டிப்பான ஒரு விதியும் உண்டு. கன்று செத்துப் பிறந்தாலும், கலைந்து போனாலும், அந்த முறை கழிந்ததாகவே கணக்கு. ஸ்டெல்லாவின் முறையில் கன்று போனால், அடுத்த கன்று நானாவுக்கு. இதை யாரும் எழுதி வைக்கவில்லை, எல்லாருக்கும் தெரியும்.

ஒரு நாள் ஸ்டெல்லா எனக்குப் போன் எடுத்தாள். "மிஸ், ஜூலி மூணு கால்ல நிக்கிதுங்க. புல்லு போட்டா மொகத்த திருப்பிக்குது." போய்ப் பார்த்தேன். வலது பின்னங்கால், வெளிப்பக்கக் குளம்பு. கையை வைத்தால் அடுப்புக் கல் மாதிரி சுட்டது. உள்ளே சீழ். கீழே வழி இல்லாவிட்டால் அது மேலே மூட்டுக்கு ஏறும். மூட்டுக்கு ஏறினால் மாடு இறைச்சிக் கடைக்குத்தான். டொக்டரிடம் சொன்னேன். நாளை நானே வருகிறேன் என்றார்.

மறுநாள் நாங்கள் போய் இறங்கியபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. பட்டியை பினாயில் ஊற்றித் தேய்த்துக் கழுவி, ஓரமெல்லாம் சுண்ணாம்பு போட்டிருந்தார்கள். ஜூலி பட்டியில் இல்லை. அதைக் குளிப்பாட்டி, டொக்டருக்கு வெளிச்சம் வேண்டுமென்று லயத்து வாசல் சிமெந்துத் தரையில் கட்டி, மேலே நீலத் தறப்பாள் இழுத்திருந்தார்கள். ஒரு பிளாஸ்டிக் கதிரை, அதன் மேல் துவாய், பக்கத்தில் பிஸ்கட்டும் சோடாவும். ஸ்டெல்லா கோயிலுக்குக் கட்டுகிற ரோஸ் சேலையில், முகத்தில் பவுடரோடு நின்றாள். நானாவும் ஆட்டோவில் வந்து இறங்கியிருந்தார். நாலைந்து ஆண்கள் கயிறோடு தயார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நம் ஆட்கள் எவ்வளவு மரியாதையாக ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று டொக்டரிடம் சொன்னேன். அவர் கதிரையில் உட்காராமல் ஜூலியையே பார்த்துக்கொண்டிருந்தார். அது நடுங்கிக்கொண்டு நின்றது. வால் கால்களுக்கு நடுவே செருகியிருந்தது. ஸ்டெல்லா கிட்டப் போனால் தலையை வெடுக்கென்று திருப்பியது.

"வலி ஜாஸ்தி போல. சீக்கிரம் முடிச்சிருவோம்" என்று நான் குனிந்து காலைத் தொட்டேன். தொட்டதுதான் தெரியும். ஜூலி உதைத்துத் துள்ள, ஈரச் சிமெந்தில் முன்னங்கால் இரண்டும் வழுக்கி, முழங்காலில் தொப்பென்று விழுந்தது. லயமே "ஐயோ" என்று அலறியது. நல்ல வேளை, வயிறு தரையில் அடிபடவில்லை. எழுந்து நின்றபோது முழங்காலில் இரத்தம். அதற்கு மூச்சு வாங்கியது, எனக்கும்தான்.

நானா முன்னால் வந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை, இதைச் சொல்லிவிட வேண்டும். "டொக்டர், என்னத்துக்கு இந்தப் பாடு? ஒரு ஊசியப் போடுங்களேன். மாடு செத்துரும் போல இருக்கே."

டொக்டர் தன் அறிவித்தல் தமிழில் சொன்னார்: "ஊசி போட்டால் கன்று விழலாம்."

நானா தாடியைத் தடவினார். "விழுந்தா விழட்டும், என்ன செய்ற? மாடு இருந்தாத்தானே கன்னு. மாடு பொழச்சா இன்னொன்னு போடும்."

"ஒங்களுக்குப் போடும் நானா" என்றாள் ஸ்டெல்லா. அவள் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதே இல்லை. "இது என் மொறை. விழுந்துச்சுன்னா என் மொறை போச்சு. அடுத்தது ஒங்களுக்கு. நான் இன்னும் எத்தன வருஷம் புல்லு அறுக்கறது?"

"தங்கச்சி, மொறைய பத்தி பொறகு பேசுவம்."

"பொறகு பேச ஒன்னும் இருக்காது நானா."

"அப்ப என்ட மாடு நொண்டி நொண்டிச் சாகட்டுமா? நீயே சொல்லு."

 அவள் ஜூலியின் இரத்தம் கசிந்த முழங்காலைப் பார்த்தாள். இரண்டு பேர் சொல்வதும் நியாயம். அதுதான் கொடுமை. டொக்டர் என்னிடம் சிங்களத்தில் விஷயத்தைக் கேட்டார். வாரம், முறை எல்லாவற்றையும் விளக்கினேன். கேட்டுவிட்டு, "மாடு அவருடையது, வயிற்றில் இருப்பது இவருடையது. ஆனால் ஊசி ஒன்றுதான்" என்றார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னார்: "மாலை வரை பார்ப்போம். பசு காலைத் தொட விட்டால் கிறக்க ஊசி இல்லை. குளம்பு மட்டும் மரத்துப்போக வேறு மருந்து இருக்கின்றது, அது கன்றுக்குத் தீங்கு செய்யாது. தொட விடாவிட்டால், இன்றே கிறக்க ஊசி. சீழ் காத்திருக்காது." நானா தலையாட்டினார். ஸ்டெல்லாவும் தலையாட்டினாள், வேறு வழியில்லை.

அந்த வேறு மருந்து இதுதான், நிரோஷன். முட்டிக்குக் கீழே ரப்பர் குழாயை இறுக்கிக் கட்டி, பாதத்து நரம்பு புடைத்ததும் அதில் லிக்னொகெய்ன் ஏற்றுவது. பாதம் மட்டும் மரத்துவிடும். ஆனால் அதற்குக் கட்டவும் குத்தவும் மாடு அசையாமல் நிற்க வேண்டும். நின்றால்தானே!

டொக்டர் இப்போதுதான் கதிரையில் உட்கார்ந்தார். பிளேன்டீ கேட்டு வாங்கிக் குடித்தார். நான் நெளிந்தேன். "இன்ன" என்றார். பிறகு ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு, "இந்தப் பசு எந்த நேரம் பயமின்றி நிற்கும்?" என்று கேட்டார்.

"பால் கறக்கையில சார். நான் மலையில இருந்து வந்து, கொழுந்து நிறுத்துப் போட்டுட்டு, இடுப்புல சுத்துன படங்குச் சாக்கக்கூட அவுக்காம அப்படியே போய் குந்துவேன். என் தலைய அது வயித்துல முட்டுக் குடுத்துக்கிட்டுத்தான் கறப்பேன். அதுவும் அசை போட்டுக்கிட்டு நிக்கும். இப்ப பால் நிறுத்தியாச்சு, ஆனா அந்த நேரத்துக்கு இன்னும் என்னத் தேடும்."

பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி குறுக்கே விழுந்தாள்: "இன்னைக்கு நீ நிக்கிற சோக்குக்கு ஒம் புருஷனுக்கே ஒன்னய தெரியாது. மாட்டுக்கு எங்க தெரியப் போவுது!"

எல்லாரும் சிரித்தார்கள். டொக்டர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். எனக்கும் அப்போது சட்டென்று உறைத்தது. பட்டியில் பழைய வாசமில்லை, பினாயில். நிற்பது பழகிய இடமில்லை, வழுக்குகிற சிமெந்து. தினமும் வருகிறவள் வரவில்லை, பவுடர் மணக்கிற யாரோ ஒருத்தி. அதோடு கதிரை, தறப்பாள், நாற்பது கண்கள். டொக்டருக்கு மரியாதை என்று நினைத்துச் செய்தது ஒவ்வொன்றும் ஜூலிக்குப் பயம்.

எல்லாவற்றையும் பழையபடி ஆக்கினோம். உரத்துக்கென்று குவித்திருந்த சாணியை வாரிப் பட்டியில் பரப்பச் சொன்னார் டொக்டர். காலையிலிருந்து முதுகொடியக் கழுவிய பெண்கள் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "ஏன் மிஸ், பைத்தியமா புடிச்சிருக்கு அந்தாளுக்கு?" பழைய புல்லைப் போட்டோம். தறப்பாளை அவிழ்த்தோம். ஜூலியை அவசரப்படுத்தாமல், அது நின்றால் நாமும் நின்று, பட்டிக்குக் கொண்டுபோனோம். ஆண்களை அனுப்பிவிட்டோம். நானா தானாகவே போய் ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டார். ஸ்டெல்லா ரோஸ் சேலையைக் கழற்றி, முகம் கழுவி, கொழுந்துச் சாறு காய்ந்து கறுத்துப்போன பழைய உடுப்பையும் படங்கையும் கட்டிக்கொண்டு வந்தாள். டொக்டர் தன் வெள்ளை மேலங்கியையும் கம்பளித் தொப்பியையும் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, யாருடையதோ ஒரு படங்கை இடுப்பில் சுற்றிக்கொண்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சார், நாளைக்கு காலையில கொழுந்துப் பெரட்டுக்கு வந்துருங்க, வேலைக்கு பேர் போட்டுருவாங்க" என்றேன். "மிஸ், சத்தம்" என்றார்.

பிறகு காத்திருந்தோம். கறவை நேரம் வந்தது. ஸ்டெல்லா வழக்கம்போல வெந்நீர் வாளியோடு உள்ளே போனாள். குந்தினாள், தலையை விலாவில் முட்டுக் கொடுத்தாள், துணியை நனைத்து மடியைத் துடைத்தாள். கறக்கவில்லை, சும்மா துடைத்தாள். பேசிக்கொண்டே இருந்தாள். கொஞ்சலில்லை, முழுக்கத் திட்டுதான். "என்னடி மூதேவி, என்னையே தெரியலியா ஒனக்கு? ஊருக்கு முன்னால மானத்த வாங்கிட்டியே. நான்தான்டி. நில்லுடி." ஜூலி திரும்பி அவளை முகர்ந்தது. படங்கை முகர்ந்தது. விலா ஏறி இறங்குவது மெதுவாகக் குறைந்தது. வால் தளர்ந்தது.  அதன் கழுத்தில் ஏதோ உருண்டு மேலே வந்தது. ஜூலி அசை போடத் தொடங்கியது.

"இப்போது" என்றார் டொக்டர்.

முழங்காலுக்கு மேல் துணி சுற்றி, கயிறு போட்டு, உத்திரத்தின் மேலாக எடுத்து, இஞ்ச் இஞ்சாகக் காலைத் தூக்கினேன். ஒரு தடவை உதறியது. ஸ்டெல்லா தலையை எடுக்கவில்லை, பேச்சையும் நிறுத்தவில்லை. ரப்பர் குழாயைக் கட்டினோம். டொக்டர் முட்டி போட்டு, விரலால் நரம்பைத் தடவித் தேடினார். ஊசி உள்ளே போனபோது ஜூலியின் தோல் சிலிர்த்தது. அசை போடுவது நின்றது.  பிறகு தாடை மறுபடி அசைந்தது. மருந்து முழுதும் ஏறியது.

பாதம் மரத்ததைக் குளம்பிடுக்கில் குத்திப் பார்த்துவிட்டுக் கத்தியை எனக்குத் தந்தார். அந்த வேலை என்னுடையது. அடிக்குளம்பை மெல்லிசு மெல்லிசாகச் சீவிக்கொண்டு போனேன். கறுப்புப் புள்ளி ஒன்று தெரிந்தது. அதைப் பின்தொடர்ந்து போனதும், புளித்த நாற்றத்தோடு கறுத்த சீழ் என் கன்னத்தில் பீய்ச்சி அடித்தது. அதைவிடச் சந்தோஷமான ஒன்று என் உத்தியோக காலத்தில் என் முகத்தில் பட்டதில்லை. தளர்ந்த குளம்பை வெட்டி எடுத்து, பக்கத்து நல்ல குளம்பில் மரக்கட்டை ஒன்றைப் பிசின் வைத்து ஒட்டினோம், நொந்த குளம்பு தரையில் படாமலிருக்க. ரப்பர் குழாயை மெதுவாகத் தளர்த்தினோம். காலை இறக்கினோம். ஜூலி நாலு காலிலும் நின்றது. ஸ்டெல்லா அப்போதுதான் அழுதாள். ஆட்டோவிலிருந்து இறங்கி வந்த நானா, "அல்லாஹ் காப்பாத்தினான்" என்று அவளிடம் சொன்னார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

ஆகவே நிரோஷன், சண்டை போடுகிறவர்களிடம் சொல். கூட்டை வைத்துக்கொள்ளுங்கள், நல்ல கூடுதான். ஆனால் வெட்டுவதற்கு முன் சில நாட்கள் மாடுகளை அதற்குள் சும்மா விட்டு, புல் போட்டு, வெளியே விடுங்கள். அதற்குப் பிறகும் பயப்படுகிற மாட்டுக்குக் கொஞ்சமாக ஊசி போடுங்கள், தப்பில்லை. பயத்தோடு கயிறில் இழுபடுவதைவிட ஊசி மேல். சினை மாட்டுக்கு மட்டும் வேண்டாம். ஊசியை எடுக்குமுன் மாட்டைப் பற்றிக் கேட்கிற மாதிரி, அதன் வயிற்றில் இருப்பது யாருடையது என்றும் கேளுங்கள்.

ஜூலி மாதம் நிறைந்து கன்று போட்டது. தகவல் வந்ததும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். லயத்தில் யாரும் சத்தம் போடவில்லை. அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. காளைக் கன்று. தோட்டத்தில் காளைக் கன்றை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது? பாலும் இல்லை, மேய்க்க நிலமும் இல்லை. கொஞ்சம் வளர்ந்ததும் வியாபாரி வந்து கேட்கிற விலைக்குக் கொடுக்க வேண்டியதுதான். ஸ்டெல்லா அதை வைக்கோலால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நானாவும் வந்தார். கன்றைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். நான் சொன்னேனே, கெட்ட மனிதர் இல்லை. "தங்கச்சி, நீ பட்ட பாட்டுக்கு இத மொறையில சேக்க வேணாம். அடுத்தது கிடாரியா வந்தா நீயே எடுத்துக்க. இத நான் கொண்டு போறேன்."

எனக்கு உயிர் வந்தது. சரி என்று சொல்லச் சொல்லி அவள் முதுகில் இடித்தேன்.

"வேணாம் நானா" என்றாள் ஸ்டெல்லா. "இது என் மொறைதான். அடுத்தது ஒங்களுது."

அவர் மறுபடி மறுபடி சொல்லிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவளைப் பட்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்க் கத்தினேன். "பைத்தியக்காரி! அந்த மனுஷன் தானா வந்து குடுக்குறாரு, வேணாங்கிற! இன்னும் எத்தன வருஷம்டி புல்லுக்கட்டு தூக்குவ?"

அவள் கையிலிருந்த வைக்கோலை உதறினாள். "அன்னைக்கு இது என் கன்னுன்னு சொல்லித்தானே மிஸ், அவரு மாட்ட அவ்வளவு நேரம் வலியில நிக்க வச்சேன்? காளைன்னதும் இது என்னோடது இல்லேன்னு சொன்னா, நான் என்ன மனுஷி?"